சமூகமா, ஊரா?

கலிபோர்னியாவின் 375ஆம் எண் மேலவைச் சட்டத்தைத் தமிழில் விளக்குவோர், அதன் உயிர்நாடியான 'சஸ்டெய்னபிள் கம்யூனிட்டீஸ் ஸ்ட்ராட்டஜி' என்னும் தொடரை 'நிலையான சமூகங்கள் உத்தி' என்று பெயர்ப்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

2008இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, கார்களும் சிறு சரக்குந்துகளும் உமிழும் பசுங்குடில் வளிமங்களைக் குறைக்க, மாநிலத்தின் 18 பெருநகரத் திட்டமிடல் அமைப்புகளுக்கும் காற்று வள வாரியம் இலக்கு வகுக்கிறது. ஆளொன்றுக்கான உமிழ்வு 2005ஆம் ஆண்டை ஒப்பிட எவ்வளவு குறைய வேண்டும் என்பதே இலக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துக்கு அது 2035ஆம் ஆண்டுக்குள் 19 விழுக்காடு. வீடு ஓரிடத்திலும் வேலை ஐம்பது மைலுக்கு அப்பாலும் இருக்கும்வரை கார் ஓடும் தொலைவு குறையாது. ஆகவே வீடுகள் எங்கே எழ வேண்டும், ரயிலும் பேருந்தும் எங்கே ஓட வேண்டும் என்பவற்றை ஒருங்கே வகுக்கும் ஆவணத்துக்குத்தான் இப்பெயர்.

'கம்யூனிட்டி', 'பொது' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அமெரிக்கத் திட்டமிடல் வழக்கில் அது மக்களோடு அவர்கள் வாழும் இடத்தையும் சேர்த்துக் குறிக்கும். நம் 'சமூகம்' வடமொழி 'சமூஹ'. அது கூட்டத்தைச் சுட்டுமேயன்றி, அதில் தெருவும் இல்லை, பேருந்து நிறுத்தமும் இல்லை. போதாக்குறைக்கு, 'எங்கள் சமூகம்' என்றால் சாதி என்றே பாதிப்பேர் பொருள் கொள்ளும் நாட்டில், 'நிலையான சமூகங்கள்' என்பது சாதியை நிலைநிறுத்தும் ஏற்பாடோ என்று ஐயுற வைக்கும். 'நிலையான' என்பதும் அசையாத என்றே ஒலிக்கிறது. மக்களின் போக்குவரத்தையே பொருளாகக் கொண்ட சட்டத்துக்கு இப்படி ஓர் அடைமொழி! அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதையே மொழிபெயர்ப்பு என்று கருதுவோர் பெருகியதன் விளைவு இது.

தமிழ்நாட்டு அரசே 'நகர் ஊரமைப்பு' என்று ஒரு துறைக்குப் பெயரிட்டிருக்க, 'கம்யூனிட்டி'க்கு வேறெங்கும் சொல் தேட வேண்டியதில்லை. ஊர் என்றால் சிற்றூர்தானே என்பார்க்கு, சென்னையில் பிறந்தவரிடமும் 'எந்த ஊர்?' என்றே கேட்கிறோம் என்பது என் விடை. அடைமொழிக்கு ஈழத்தவர் ஆளும் 'பேண்தகு' இருக்கிறது. 'பேணு' என்பதில் காத்தலும் உண்டு, வளர்த்தலும் உண்டு. 'வளங்குன்றா' என்பதும் நல்ல சொல்லே, ஆனால் இங்கே குறைய வேண்டியது புகையாதலால் சற்று விலகி நிற்கிறது.

எனவே 'பேண்தகு ஊரமைப்பு உத்தி'. 'உத்தி'யை மட்டும் மாற்றத் தேவையில்லை. நிலப் பயன்பாட்டை முடிவுசெய்யும் அதிகாரத்தை அச்சட்டம் நகரங்களிடமே விட்டிருப்பதால், இவ்வாவணம் அவற்றை வழிப்படுத்துமேயன்றிக் கட்டுப்படுத்தாது.