தந்தைமை விடுப்பு: அந்த 15 நாள் யாருக்கு உரியது?

மனைவியின் பிரசவத்துக்குச் சம்பளத்துடன் 15 நாள் விடுப்பு தர வேண்டும் என்பது சட்டம், என் நிறுவனம் மறுக்கிறது, வழக்குப் போடலாமா என்று இளைஞர்கள் கேட்டு வருவது தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எனக்குப் புதிதல்ல. சென்ற மாதம் வந்தவரோ கேட்கும் கட்டத்தையே தாண்டியிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை நம்பி, மேலாளருக்குக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அனுமதியின்றிப் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது.

அந்தச் செய்தியில் இருந்த விதி உண்மையானதுதான். 1972-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளில் 43-ஏ என்னும் விதி, உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும் ஆண் ஊழியருக்கு, பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து பிறந்த ஆறு மாதத்துக்குள், முழுச் சம்பளத்துடன் 15 நாள் விடுப்பு வழங்குகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பவருக்கும், 2024-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு வாடகைத்தாய் வழியே தந்தையாகிறவருக்கும் இது உண்டு. ஆனால் இது மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக வகுத்த பணி விதி. நாட்டில் உள்ள எல்லா முதலாளிகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஓ.எம்.ஆரில் உள்ள மென்பொருள் நிறுவனத்தையோ அம்பத்தூரில் உள்ள பட்டறையையோ இந்த விதி தொடுவதேயில்லை. மாநில அரசு ஊழியருக்குக்கூட இது தானாகப் பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டியது தங்கள் பணி விதிகளை.

அடுத்து, தந்தைக்கும் 26 வார விடுப்பு உண்டு என்ற குழப்பம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பலன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் 26 வார விடுப்பைத் தந்தது பெண்களுக்கு மட்டுமே. அதே ஆண்டில் தந்தையருக்கென நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட தனிநபர் மசோதா, அதாவது அரசு அல்லாமல் உறுப்பினர் ஒருவர் தாமே கொண்டுவந்த மசோதா, சட்டமாகவில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் மகப்பேற்றுப் பலன் பெண்களுக்கே உரியது. சிலர் 26 வாரம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் தந்தைக்கும் ஊதியம் உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அது பிரிட்டனின் விதி. தயவுசெய்து, எந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்கிறோம் என்பதையாவது பார்த்துவிட்டுப் படியுங்கள். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யிலும் மகப்பேற்றுக்கான பணப் பலன் காப்பீடு செய்த பெண்ணுக்குத்தான். காப்பீடு செய்த ஆணின் மனைவிக்குக் கிடைப்பது மருத்துவ வசதி.

உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்பார்கள். 2023 ஆகஸ்டில் மதுரைக் கிளை, மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் சென்ற காவல் ஆய்வாளர் ஒருவரைப் பணியை விட்டு ஓடியவராகக் கருதிய ஆணையை ரத்து செய்தது; தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்றும் கூறியது. சட்டம் தேவை என்று நீதிமன்றம் சொல்கிறது என்றால், அப்படியொரு சட்டம் இன்னும் இல்லை என்றுதானே பொருள்? இது நியாயமில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மெமோவுக்குப் பதில் எழுதும்போது நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

ஆகவே தனியார் நிறுவன ஊழியரின் உரிமை பணி நியமனக் கடிதத்திலும் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையிலும்தான் இருக்கிறது. மனைவிக்கு ஏழாம் மாதம் தொடங்குவதற்குள் அந்தக் கொள்கையை முழுவதும் படித்துவிடுங்கள். எத்தனை நாள், முழுச் சம்பளமா, தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் உண்டா, தத்தெடுப்புக்குப் பொருந்துமா என்பவற்றை ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே பெறுங்கள். வாய்மொழியாகத் தலையாட்டிய மேலாளர் அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாறிப் போயிருப்பார். ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்ப்பவர்கள், நுழைவாயிலில் உள்ள பெரிய நிறுவனத்தின் கொள்கையைக் காட்டிப் பயனில்லை. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய கொள்கைதான் பொருந்தும்.

நம் ஊர்களில் அதிகம் கைநழுவிப் போவது கால வரம்புதான். வளைகாப்பு முடிந்து மனைவி திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ தாய்வீடு போய்விடுகிறார். கணவர் பிரசவத்துக்கு இரண்டு நாள் தற்செயல் விடுப்பில் போய்வந்து, தாயும் சேயும் சென்னைக்குத் திரும்பிய பிறகு பெரிய விடுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று சேமித்து வைக்கிறார். அவர்கள் வருவதோ ஐந்தாம் மாதத்தில். குழந்தை பிறந்த மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்று கொள்கையில் எழுதியிருந்தால் அந்த விடுப்பு அதற்குள் காலாவதியாகியிருக்கும். மத்திய அரசு ஊழியருக்கும் ஆறு மாதம் தாண்டினால் இதே கதிதான்.

கொள்கையிலேயே தந்தைமை விடுப்பு இல்லையென்றால், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவோருக்கு, ஓராண்டுத் தொடர் பணிக்குப் பிறகு சம்பளத்துடன் 12 நாள் விடுப்பும், தக்க காரணங்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் உண்டு. உத்தேசப் பிரசவத் தேதி தெரிந்தவுடனே அவற்றைத் தொடாமல் வைத்திருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கரைத்துவிட்டுப் பிரசவ நேரத்தில் சம்பளமில்லா விடுப்பில் நிற்காதீர்கள். எந்த விடுப்பானாலும் எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே செல்லுங்கள். பிரசவம் முன்கூட்டியே நேர்ந்துவிட்டால், மருத்துவமனையிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பி, சேர்க்கைச் சீட்டின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.

கொள்கையில் எழுதி வைத்துவிட்டு மறுக்கும் நிறுவனம் என்றால் விஷயம் வேறு. அப்போது விண்ணப்பம், மறுப்புக் கடிதம், கொள்கையின் நகல் ஆகியவற்றோடு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டுவர வேண்டாம்.