பொழுது விழுந்த பிறகும் பகல்

கொங்குப் பக்கம் ஒருவர் 'பொழுதோட வாறேன்' என்றால் சாயங்காலம் வருகிறார் என்று அர்த்தம். இங்கே பொழுது என்றால் சூரியன், நேரமும் அதுதான். நம் உடம்பு இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

மூளையின் அடியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். ஆனால் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் போலக் கூடுதல். சும்மா விட்டால் தினமும் அவ்வளவு பின்தங்கிக்கொண்டே போகும். காலை வெளிச்சம் முள்ளை முன்னே தள்ளிச் சரி செய்கிறது. இரவு வெளிச்சம் பின்னே இழுக்கிறது. இந்தச் சேதியைக் கொண்டுபோவது விழித்திரையில் உள்ள தனி வகைச் செல்கள். பார்வை முழுக்கப் போன சிலருக்குக்கூட, இவை பிழைத்திருந்தால் கடிகாரம் ஒழுங்காக ஓடும். நீல ஒளிமேல்தான் இவற்றுக்குக் கண். ராத்திரியில் அது பட்டால், 'இருட்டிவிட்டது' என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் சுரப்பது குறைந்துவிடும்.

அம்மிச்சி வீட்டு அரிக்கேன் விளக்கு கொடுத்தது சில லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு), நீலமும் சொற்பம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, கோவை மில்கள் பெருகின. இன்று வீட்டு வெள்ளை எல்இடியே நூறு லக்ஸைத் தாண்டும், அதில் நீலம் தாராளம்.

'அந்தக் காலத்தில் விளக்கு வைத்ததும் தூங்கிவிடுவார்கள்' என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தான்சானியா, நமீபியா, பொலிவியாவில் மின்சாரமில்லாமல் வாழும் மக்களைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பொழுது விழுந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்தே அவர்கள் தூங்கினார்கள், அதுவும் ஆறேழு மணி நேரம்தான். 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், கொலராடோவில் சிலர் ஒரு வாரம் விளக்கும் போனும் இல்லாமல் கூடாரத்தில் தங்கினார்கள். மெலடோனின் சுமார் 2 மணி நேரம் முன்னதாகவே சுரந்தது. தூங்கிய நேரம் கூடவில்லை. சரி, விளக்கு தூக்கத்தைத் தள்ளித்தான் வைத்தது. மில் சங்கும் காலேஜ் பஸ்ஸும் தள்ளிப் போகாததால் காலைத் தூக்கத்தில் வெட்டு விழுகிறது.

எங்கள் தெருவில் முழுநைட் ஷிப்ட் வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் விடிய விடிய ட்யூப்லைட்டுக்கடியில் நின்றுவிட்டு, காலை வெயில் முகத்தில் அடிக்க வண்டியில் வருவார். எவ்வளவு அலுப்பென்றாலும் பத்து மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடுமாம். இப்போது ஜன்னலில் கோணிச்சாக்கு தொங்குகிறது. வரும்போது கூலிங் கிளாஸ் வேறு. பையன்கள் கேலி செய்கிறார்கள், அவர் கழற்றுவதில்லை.