ஹாஸ்டலைப் புதுப்பிக்கிறேன் என்று சுவர் ஜாலியை அடைக்காதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் இன்னொரு பழைய ஹாஸ்டல். "ரூமெல்லாம் அனல் சார், ஏசிக்கு எஸ்டிமேட் போடுங்க" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சுவரில் ஜாலி, அதாவது காற்று வர விட்ட துளைத்தடுப்பு, இருந்த இடமெல்லாம் சிமெண்டு. மேலே இருந்த வென்டிலேட்டரை ஃபால்ஸ் சீலிங் விழுங்கிவிட்டது. ஏன் என்றால், "புறாவும் வெக்கையும் உள்ளே வருது."

புறாவுக்குக் கோழிவலை போதும். வெக்கை ஜாலி வழியாக வருகிறது என்ற நம்பிக்கையைத்தான் என்னால் ஒழிக்க முடியவில்லை. வேலூரில் ஏப்ரல் கடைசியில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அதை முழுசாக வாங்குவது மொட்டைமாடி. பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் பொழுது சாய்ந்த பிறகு கீழே இறக்கும். சூடேறிய காற்று மேலே போய்த் தளத்தோடு ஒட்டி நிற்கும். அது வெளியேறத்தான் வென்டிலேட்டர். அந்த இடத்துக்கு ராத்திரிக் காற்று வரத்தான் ஜாலி. இரண்டையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால், அதே சூட்டைக் கலக்கித் தலையில் கொட்டும். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடாமல் என்ன செய்வார்கள்? பகலில் அனல் காற்று அடிக்கிறதா, ஜன்னலைச் சாத்துங்கள். ராத்திரி திறங்கள். அவ்வளவுதான்.

சரி, கையில் காசு கொஞ்சம்தான். முதல் செலவு மாடிக்கு. விரிசல் விட்ட தட்டோட்டை மாற்றி, தண்ணீர் வடிய வாட்டம் பார்த்து, மேலே வெள்ளை அடியுங்கள். கூல் ரூஃப் பெயின்டுக்கு வழியில்லையா, சுண்ணாம்பு போதும். ஆனால் வருஷா வருஷம், பங்குனிக்குள். மெட்ராஸ் டெரஸாக, அதாவது தேக்குக் கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய தளமாக இருந்தால் அதன்மேல் கான்கிரீட் ஏற்றவே ஏற்றாதீர்கள். தேக்குக் கட்டையின் முனை சுவருக்குள் போகிற இடத்தை உளியால் குத்திப் பாருங்கள், கரையான் முதலில் உட்காருவது அங்கேதான்.

அடுத்தது மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் தாழ்வாக வரும், சன்ஷேடு தடுக்காது. வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மரஜன்னலைப் பிடுங்கி ஸ்லைடிங் மாட்டாதீர்கள், பாதிதான் திறக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொரிந்து கொட்டும். மேஸ்திரி "சிமெண்டுதான் கெட்டி" என்பார். தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

ஏசியே கூடாது என்று சொல்லவில்லை. இதெல்லாம் செய்து ஒரு கோடையைப் பாருங்கள். அப்புறமும் தாங்கவில்லை என்றால், படிக்கிற கூடத்துக்கு மட்டும் எஸ்டிமேட் போட்டுத் தருகிறேன்.