கட்டிலிலும் இருக்கிறது எடையின்மை

"மூன்று வாரமாக அம்மாவைத் தரையில் கால் வைக்கவே விடவில்லை" என்றார் மகன். அத்தனை பாசம் அந்தக் குரலில். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் அந்த அம்மா. எலும்பு எதுவும் முறியவில்லை, வலி மட்டும்தான். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தேன். சதை பிடிப்பின்றித் துவண்டு கிடந்தது. எழுந்து நிற்கச் சொன்னதும் இரண்டு முழங்கால்களும் வெடவெடத்தன.

இயன்முறை மருத்துவராக இதை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களிடம் நான் பேசுவது, 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தைப் பற்றித்தான்.

அங்கேயும் புவியீர்ப்பு உண்டு. தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். ஆனால் நிலையமும் அதில் இருப்பவர்களும் ஒன்றாக விழுந்தபடியே பூமியைச் சுற்றுவதால், கால்கள் உடலைத் தாங்க வேண்டியதில்லை. சுமை இல்லை என்றதும் உடல் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது. போதிய பயிற்சி இல்லாதபோது இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தியை இழக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஏறத்தாழ ஓராண்டில் நேரும் இழப்பு அது. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குவதால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பொறுக்கியெடுத்த, நல்ல உடற்கட்டுள்ள விண்வெளி வீரர்களுக்கே இந்த நிலை!

2000 நவம்பரிலிருந்து அங்கே மனிதர்கள் இடைவிடாமல் வாழ்வதால்தான் இதை வருடக்கணக்கில் அளந்து பார்க்க முடிந்தது. 2008இல், வெற்றிட உருளைகளின் இழுவிசையை எதிர்த்துப் பளு தூக்கும் கருவி ஒன்று போய்ச் சேர்ந்தது. அதில் கடுமையாகப் பயிற்சி செய்து, போதிய உணவும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டவர்களுக்கு எலும்பு இழப்பு வெகுவாகக் குறைந்தது. எலும்பு மெலிவுக்கு இங்கே எழுதித் தரும் வாராந்தர மாத்திரையையும் பயிற்சியோடு சேர்த்து அங்கே சோதித்தார்கள். அதுவும் பலன் தந்தது. 2025இல் அங்கே சென்ற இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா செய்த ஆய்வுகளில் ஒன்று, தசைகள் மீண்டும் வளர்வதை எடையின்மை எப்படித் தடுக்கிறது என்பது.

இந்த ஆராய்ச்சியில் என்னை உலுக்கிய செய்தி வேறு. எடையின்மையைப் பூமியிலேயே ஆராய என்ன செய்கிறார்கள் தெரியுமா? நல்ல உடல்நலம் உள்ளவர்களை, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைக்கிறார்கள். எலும்பும் தசையும் கரைய அதுவே போதும்.

அந்த மகனிடம் இதைச் சொன்னபோது அவர் அம்மாவின் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் யாராவது விழுந்தாலோ, அறுவை சிகிச்சை முடிந்தாலோ, "எப்போது காலை ஊன்றலாம்?" என்று முதல் நாளே மருத்துவரைக் கேளுங்கள். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பலரை மறுநாளே நிற்கவைக்கிறோம். மருத்துவர் அனுமதித்துவிட்டால், சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள்.

அந்த அம்மா முதல் நாள் வாக்கரைப் பிடித்தபடி பத்து நொடி நின்றார். ஆறாவது வாரம், அதே வாக்கரோடு வாசல் வரை தானே நடந்து வந்து எனக்குக் கதவைத் திறந்தார்.