கார் ஷெட் வாட்டத்தை நிரப்பும் முன்

மாடி ஏற முடியாத பெற்றோருக்குக் கீழே ஓர் அறை வேண்டும் என்றதும், தனி வீட்டில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது கார் ஷெட்தான். மேலே தளம் தயாராக இருக்கிறது. கேட் பக்கம் ஒரு சுவர் எழுப்பி, தரையை மட்டமாக்கி டைல்ஸ் ஒட்டினால் முடிந்தது என்று கொத்தனாரும் சொல்லிவிடுவார். கட்டடப் பொறியாளராக இப்படிப் பல வீடுகளுக்குப் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் வலியுறுத்திச் சொல்கிறேன்: வாட்டத்தை, அதாவது தரையின் சரிவை, நிரப்புவது இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு முன் தண்ணீருக்கு வழி சொல்லியாக வேண்டும்.

கார் ஷெட் தரை தெருப்பக்கம் சரிவாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. கார் கழுவும் தண்ணீரும் சாரலும் வீட்டுக்குள் வராமல் வெளியே ஓடுவதற்காகக் கொடுத்த வாட்டம் அது. மட்டமாக்கினால் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் தரை வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவிலேயே நின்றது. ஆனால் முதல் பெருமழையிலேயே புதுக் கதவின் அடியில் தண்ணீர் புகுந்து, கட்டில் காலைத் தொட்டுவிட்டது. சாலை மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருந்தது. அறையோ ஷெட்டின் பழைய உயரத்திலேயே இருந்தது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. கார் நிறுத்துமிடம் சுற்றியுள்ள தரையிலிருந்து 15 செ.மீ. உயர்ந்திருந்தால் போதும். மனிதர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையைத் தாங்கும் அடிக்கட்டு, 45 செ.மீ. உயர வேண்டும். உள் உயரமும் அப்படித்தான்: ஷெட்டுக்கு 2.4 மீட்டர், குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர். ஆக, தரையை உயர்த்தினால் தலைக்கு மேல் இடம் குறையும். உயர்த்தாவிட்டால் மழை உள்ளே வரும். உங்கள் ஷெட்டின் தளம் தாழ்வாக இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராமலும் போகலாம். அப்படியானால் வேறு இடம் பாருங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அது கார் நிறுத்துமிடமாகக் காட்டப்பட்டிருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. நம் ஊரில் பெரும்பாலும் ஷெட்டுக்கு அடியில்தான் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கும். சில வீடுகளில் செப்டிக் டேங்கும் அங்கேயே. செப்டிக் டேங்கின் மூடியை அறைக்குள் அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி, பெற்றோரை அங்கே படுக்க வைக்கக் கூடாது. அதில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும். தொட்டியை இடம் மாற்றாமல் அங்கே அறை வேண்டாம்.

இதெல்லாம் தேறிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து, வீட்டுத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் நான்கு சுவரிலும் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து தரை வரை பல இடங்களில் அளந்தால் பள்ளம் எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். 60 அடிக்கு 1 அடி வாட்டம் என்றால் 18 அடி நீளத்தில் கேட் ஓரம் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்கும். 10 அடி அகல அறைக்கு அதை நிரப்ப மட்டும் சுமார் 27 கன அடி கான்கிரீட் வேண்டும், எடை 1.8 டன் வரும். அடியில் சம்ப் இருந்தால், அதன் மூடுதளம் இந்தச் சுமையைத் தாங்குமா என்று பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடியோக்களில் வாளி வாளியாக ஊற்றும் செல்ஃப் லெவலிங் கலவை பொதுவாகச் சில மில்லிமீட்டர் குறையைச் சரிசெய்யத்தான். மூன்று அங்குலப் பள்ளத்துக்குச் சிப்ஸ் ஜல்லி போட்ட கான்கிரீட்தான் சரி. சிக்கல் வருவது வீட்டுச் சுவர் ஓரத்தில். அங்கே கனம் ஒன்றுமில்லாமல் தேய்ந்து முடியும் கலவை நிச்சயம் பெயரும். அந்த ஓரத்தில் பழைய தரையைக் கொத்தி எடுத்து, புதுக் கலவைக்குக் குறைந்தது ஒன்றரை அங்குலக் கனம் கிடைக்கச் செய்யுங்கள். என்ஜின் ஆயில் ஊறிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதாது. நல்ல கான்கிரீட் தெரியும்வரை கொத்த வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, காலிச் சத்தம் வரும் இடத்தையும் பெயர்த்துவிடுங்கள். பிறகு பழைய தரையோடு புதுக் கலவையை ஒட்டவைக்கும் பாண்டிங் கெமிக்கல் கலந்த சிமெண்ட் பால் பூசி, அது காய்வதற்குள் கான்கிரீட்டைப் போட வேண்டும்.

பழைய ஷெட் தரைக்கு அடியில் ஈரத்தடுப்பு அநேகமாக இருக்காது. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் ஷீட்டைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். அப்போது எபாக்ஸி ஈரத்தடுப்பு பூசி, அது காயுமுன் மேலே மணல் தூவிப் பிடிக்க வைத்து, அதன்மேல் கான்கிரீட் போடுவது ஒரு வழி. இடையில் 250 மைக்ரான் ஷீட் விரிப்பதானால் புதுக் கான்கிரீட் பழைய தரையோடு ஒட்டாது. அதனால் அப்போது மட்டும் ஒன்றரை அங்குலம் போதாது, எந்த இடத்திலும் கனம் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

புதுச் சுவரை ஷெட் தரையின் மேல் அப்படியே எழுப்ப விடாதீர்கள். அடியில் பீம் வேண்டும். சுவருக்கு வெளியே கேட் வரை மிச்சமிருக்கும் தரைக்குத் தெருப்பக்கமாகப் புதிதாக வாட்டம் கொடுங்கள். தெரு உயர்ந்துவிட்ட இடமென்றால் சுவரை ஒட்டி ஜல்லடை மூடி போட்ட வாய்க்கால் எடுத்து, மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி (PPC, பொசலானா கலந்த) சிமெண்டுக்கு 10 நாள் நீராற்ற வேண்டும். டைல்ஸுக்குப் பதில் வினைல் தரைவிரிப்பு ஒட்டுவதாக இருந்தால், அதற்குப் பிறகும் தரை நன்றாகக் காயும்வரை பொறுத்து, அதே பாலித்தீன் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.