மேல்மலையின் செய்தி எங்கே போகிறது?

செய்தி ஊடகத்துக்கும் மக்களாட்சிக்கும் உள்ள உறவை ஆராய்ந்து கற்பிப்பவன் நான். கொடைக்கானல் மாணவர்களிடம் ஒரு மாத நாளிதழ்களில் பழனிமலை பற்றி வந்தவற்றை வெட்டி ஒட்டச் சொல்வது என் வழக்கம். மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல், தெருவுக்குள் புகுந்த காட்டுமாடு, உறைபனி என்று ஏடு நிறைந்துவிடும். மேல்மலை ஊர்களான மன்னவனூரிலோ பூம்பாறையிலோ, கீழ்மலையின் தாண்டிக்குடியிலோ கிராம சபை என்ன தீர்மானித்தது என்பது அதில் அரிதாகவே இருக்கும்.

அமெரிக்காவில் 1968 அதிபர் தேர்தலின்போது, யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களைச் சேப்பல் ஹில் ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்னும் இரு ஆய்வாளர்கள் சந்தித்தனர். ஊடகங்கள் எவற்றை அழுத்திச் சொன்னனவோ, பெரும்பாலும் அவற்றையே அம்மக்களும் நாட்டின் தலையாய பிரச்சினைகள் என்று கருதியதாக 1972இல் எழுதினர். ஊடகம் சொல்லாமல் விட்டது பொதுப்பேச்சிலிருந்தே நழுவிவிடும் என்பதையும் அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்; எனக்குக் கவலை தருவது அதுவே.

நம் கொடைக்கானலே அதற்குச் சான்று. 1980களில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையொன்றில் கண்டறியப்பட்டு, ஊர் மக்கள் வீதிக்கு வந்த பிறகே அது நாடறிந்த செய்தியாயிற்று. ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் எட்டப்பட்டது. உள்ளே உழைத்தவர்களின் உடல்நலம் அதற்கு முன்பே செய்தியாகியிருக்க வேண்டாமா?

செய்தியாளரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. மலைப்பகுதிகளில் பெரும்பாலும் பகுதிநேரச் செய்தியாளர் ஒருவரே பல ஊர்களைக் கவனிக்கிறார். விளம்பரம் சேகரிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுவதுண்டு. விளம்பரம் தருபவரிடமே கடினமான கேள்வியையும் அவர் எப்படிக் கேட்பார்?

ஆகவே வாசகர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊராட்சியின் தீர்மான நகலைக் கேளுங்கள். மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். கிடைத்த நகலை வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு நிறுத்திவிடாமல் செய்தியாளரின் கையிலும் சேர்த்துவிடுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் எல்லா ஊராட்சிகளிலும் சபை ஒருசேரக் கூடுவதால், மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் அவர் ஒருவரே போய்வர இயலாது.