முன் பிரேக் வயரைக் கழற்றிவிட்டு மலைக்குப் போகாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். முன் ரிம் எட்டுப் போட்டிருந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கமாக மடங்கியிருந்தது. ஓட்டிய பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறான். காறை எலும்பு முறிவு, முழங்கையில் தையல். சுவர் இருந்ததால் இவ்வளவோடு போயிற்று.

விழுந்த வண்டி வந்தால் நான் முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பேன். வலது லீவரை அழுத்தினேன், காற்றை அழுத்தியது போல இருந்தது. லீவர் இருக்கிறது, சக்கரத்தருகே பிடிக்கும் காலிப்பர் இருக்கிறது, நடுவில் வயரைக் காணோம். பையனின் அப்பா பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான்தாண்ணா கழட்டச் சொன்னேன். முன் பிரேக்கு புடிச்சா தூக்கி அடிச்சிடும்னாங்க."

அவரை அப்போது திட்ட மனம் வரவில்லை. ஆனால் இந்த வருடத்தில் மட்டும் இப்படி முன் பிரேக்கைக் கழற்றிய, அல்லது வேண்டுமென்றே தளர்த்திவிட்ட வண்டியில் விழுந்து என்னிடம் வந்தவர்களில் இவன் நான்காவது பையன். இருபத்திரண்டு வருடமாக வேலூரில் சைக்கிள் வேலை செய்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். கியர் இல்லாத எம்டிபி, அதாவது தடித்த டயர் வைத்த மலை சைக்கிள், வைத்திருக்கும் பிள்ளைகளும், அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்த பெற்றோரும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முன் பிரேக் தூக்கி அடிக்கும் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்பக்கம். சைக்கிளிலும் அதேதான். பிரேக் பிடித்த அந்த நொடியில் உங்கள் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. எடை இல்லாத சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு ஏது? எவ்வளவு நல்ல பின் பிரேக்காக இருந்தாலும் சக்கரம் நின்று சறுக்குமே தவிர வண்டி சட்டென்று நிற்காது. பின்னால் கறுப்புக் கோடு போட்டு நிறுத்துவதைப் பையன்கள் திறமை என்று நினைக்கிறார்கள். அந்தக் கோட்டின் நீளம், வண்டி நிற்காமல் போன நீளம்.

கணக்காகவே சொல்கிறேன். காய்ந்த தார் ரோடு, சமதளம், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். முன்னும் பின்னும் சரியாகப் பிடித்தால் சுமார் 7 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 14 மீட்டர். இப்போது அதே வேகத்தில் மலை இறக்கம், 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவு என்று வையுங்கள். இரண்டு பிரேக்கும் இருந்தால் 8, 9 மீட்டர். பின் பிரேக் மட்டும் இருந்தால் 20 மீட்டரைத் தாண்டும். ஏலகிரிப் பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் எழுதிய பலகையோடு. அந்தப் பலகையைப் பார்த்த பிறகு பிரேக் பிடிப்பவனுக்கு 20 மீட்டர் எங்கே இருக்கிறது?

சரி, முன் பிரேக் பிடித்து யாருமே குப்புற விழுவதில்லையா? விழுகிறார்கள். கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு, உடம்பை ஹேண்டில்பார் மேல் சாய்த்துக்கொண்டு, பயத்தில் நான்கு விரலாலும் வெடுக்கென்று இழுத்தால் விழத்தான் செய்வீர்கள். வளைவில் சக்கரம் திரும்பியிருக்கும்போது மணல்மேல் இழுத்தாலும் விழுவீர்கள். அது கையின் பழக்கத்தில் உள்ள தப்பு. பழக்கத்தைத் திருத்துவதற்குப் பதில் வயரைக் கழற்றுவது என்ன நியாயம்?

இந்தப் பயம் பழைய கறுப்பு சைக்கிள் காலத்திலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. கம்பி பிரேக் வைத்த அந்த வண்டிகளில் போல்ட் தளர்ந்தால் பிரேக் கட்டை நழுவி முன் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். சக்கரம் சட்டென்று நிற்கும், ஆள் பறப்பார். அதைக் கண்ணால் பார்த்த தாத்தா மகனுக்குச் சொல்லியிருக்கிறார், மகன் பேரனுக்குச் சொல்கிறார். வண்டி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் அப்படியே இருக்கிறது.

பழகும் விதம் இதுதான். கோட்டை மைதானம் போல ஆள் இல்லாத திறந்த இடம் போதும். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கட்டும். இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள், கையை முன்னால் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு விரல் அல்லது இரண்டு விரலால் முன் லீவரை மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக அழுத்துங்கள், எலுமிச்சம்பழம் பிழிவது போல. நாற்பது ஐம்பது தடவை செய்தால் கைக்கு வந்துவிடும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். சில வண்டிகளில் மாறி இருக்கும். அடுத்தவர் வண்டியில் ஏறும்போது முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், மோட்டார் பைக் ஓட்டும் அப்பாக்கள் சொல்லும் இன்னொன்று: "மெதுவா செகண்ட் கியர்ல எறங்குற மாதிரி எறங்குடா." பைக்கில் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் எது பிடிக்கும்? ஃப்ரீவீல் என்று பெயரே இருக்கிறது. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன் போக்கில் ஓடும். இறக்கத்தில் உங்களுக்கு இருப்பது இரண்டு பிரேக் மட்டும். அதிலும் ஒன்றைக் கழற்றிவிட்டால் மீதி ஒன்று.

அந்த ஒன்று என்ன பாடுபடும் என்று பாருங்கள். பையன் 60 கிலோ, வண்டி 17 கிலோ. உச்சியிலிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 600 மீட்டர் உயரம் இறங்குகிறான். அதில் பிறக்கும் சூட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். எதிர்க்காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்கில்தான் இறங்கும். இந்தப் பையனின் பின் பிரேக் பேடை, அதாவது உரசிப் பிடிக்கும் கட்டையை, கழற்றிப் பார்த்தேன், கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. சூட்டில் மேல்பரப்பு இறுகிவிட்டது. அதன் பிறகு லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. "கடைசி மூணு வளைவுல பிரேக்கே இல்ல மாதிரி இருந்துச்சு" என்று நண்பனிடம் சொன்னானாம். உண்மையாகவே இல்லை.

ஆகவே இறக்கம் முழுக்க லீவரைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவில் விடுங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கர நடுவில் இருக்கும் தகடுதான் டிஸ்க். அதைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும். சூடாக இருக்கும்போது தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ரிம்மில் பிடிக்கும் பிரேக் உள்ளவர்கள் இன்னும் கவனம். ரிம் சூடேறினால் உள்ளே டியூப் வெடிக்கும்.

"எங்க வண்டி டபுள் டிஸ்க்" என்று பெருமையாகச் சொல்வார்கள். விலை குறைந்த வண்டிகளில் வருவது வயரில் இழுக்கும் டிஸ்க். அதில் ஒரு பக்கப் பேடு மட்டும்தான் நகரும். அது டிஸ்க்கை வளைத்து எதிர்ப்பக்கப் பேடில் அழுத்தும். பேடு தேயத் தேய, நகராத பக்கத்துத் திருகை உள்ளே திருக வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. வயரை மட்டும் இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள். ஒழுங்காகச் செட் செய்த, ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் சாதாரண வி-பிரேக், கவனிக்காமல் விட்ட டிஸ்க்கைவிட எவ்வளவோ மேல். புதிதாக டிஸ்க் மாட்ட ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன், நல்ல வயர், நல்ல உறை, நல்ல பேடு மூன்றையும் மாற்றிப் பாருங்கள். மலைக்கு அடிக்கடி போவதாக இருந்தால் முன் டிஸ்க்கின் அளவை 160 மில்லிமீட்டரிலிருந்து 180 ஆக்கலாம், ஃபோர்க் அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு. ஒரு விஷயம் மட்டும் என் தொழில்காரர்களுக்கும் சேர்த்து: வி-பிரேக் லீவர் வயரை அதிகம் இழுக்கும், பழைய காலிப்பர் பிரேக் லீவர் குறைவாக இழுக்கும். பிரேக்குக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் கையில் கிடைத்த லீவரை மாட்டி அனுப்பாதீர்கள்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்க் கீச்சென்று கத்துகிறது என்று தேங்காய் எண்ணெய் விட்ட அம்மா ஒருவர் வந்தார். அன்போடு செய்ததுதான். ஆனால் எண்ணெய் குடித்த பேடு தூக்கிப் போடத்தான் ஆகும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள். வயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் வைத்திருப்பவர்கள் எண்ணெய் மாற்ற பைக் மெக்கானிக்கிடம் போய்விடாதீர்கள். பைக்கில் ஊற்றுவது டாட் திரவம். ஷிமானோ சைக்கிள் பிரேக்குக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் ஊதிக் கெட்டுவிடும்.

இனி கியர். இதை ஏன் விபத்துக் கதையில் சேர்க்கிறேன் என்றால், ஏறும்போதே கைகால் ஓய்ந்துபோனவனுக்கு இறங்கும்போது லீவரை அழுத்த வலு இருக்காது. அந்தப் பையன் வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18. கடையில் வரும் கியர் இல்லாத வண்டிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் போகும். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போய்வர இது போதும். மலையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 26 சுற்றுதான் மிதிக்க முடியும், ஒவ்வொன்றும் முழு உடம்பையும் போட்டு மிதிக்கும் மிதி. அதனால்தான் பையன்கள் ரோட்டில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பாம்பு போல ஏறுகிறார்கள், எதிரே பஸ் வரும் பாதையில். முட்டி வலி என்று வருகிறவர்களின் வண்டியிலும் முதலில் பற்களைத்தான் எண்ணிப் பார்ப்பேன்.

26 அங்குலச் சக்கரத்துக்கு ஊரும் மேடும் கலந்து ஓட்ட, முன் பல்லுக்குப் பின் பல் 2-க்கு 1 நல்ல கணக்கு: 36-க்கு 18, அல்லது 32-க்கு 16. ஏலகிரி, ஜவ்வாது, அமிர்திக்கு மேலே உள்ள காட்டுப் பாதை என்றால் 32-க்கு 18 அல்லது 20. அதே 8 கிலோமீட்டர் வேகத்துக்கு 32-க்கு 20-ல் நிமிடத்துக்கு 40 சுற்று வரும், கால் தாங்கும். 29 அங்குல வண்டியில் 32-க்கு 20 போட்டால்தான் 26-ல் 32-க்கு 18 போட்டதற்குச் சமம், சக்கரம் பெரிது என்பதால். முன் பல்சக்கரமான செயின்வீல் பல வண்டிகளில் பெடல் மாட்டும் கிராங்க்கோடு சேர்த்து அடித்திருக்கும், முழுசாக மாற்ற வேண்டும். செலவு தாங்காதவர்கள் பின் ஃப்ரீவீலை மட்டும் 20 அல்லது 22 பல்லுக்கு மாற்றுங்கள். 44-க்கு 22 என்றாலே 2-க்கு 1 வந்துவிடும்.

"பல்லைக் குறைச்சா எறங்கும்போது ஸ்பீடு வராதேண்ணா?" என்று கேட்கும் தம்பிகளே, இறக்கத்தில் நீங்கள் மிதிக்கவே வேண்டாம். மலை தள்ளிக்கொண்டு போகும்.

செயினை நடுவில் அமுக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொளதொள என்றால் நின்று மிதிக்கும்போது கழன்று, நீங்கள் சைக்கிளின் பாரில் வந்து விழுவீர்கள். கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளவு பாருங்கள். பாலாற்று மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே துடையுங்கள்.

பையனின் வண்டியில் புது ஃபோர்க், புது ரிம், 32-க்கு 20 போட்டு, முன் பிரேக்கை நானே மாட்டி வைத்திருக்கிறேன். அவன் அப்பா வந்து லீவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். தோள் சரியாகும்வரை வண்டி கடையிலேயே நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறீர்கள் என்றால் சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து "பிரேக் மட்டும் பாத்துக் குடுங்கண்ணா" என்று நிற்காதீர்கள். புதுப் பேடு மாட்டினால் அது படிய வேண்டும். ஓரளவு வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடித்து, கிட்டத்தட்ட நிற்கும்வரை கொண்டுவந்து விட வேண்டும். இப்படி இருபது தடவையாவது, முன்னும் பின்னும். அதற்கு ஒரு பகல் வேண்டும். வியாழக்கிழமையே கொண்டுவந்துவிடுங்கள்.